யாரிடம் கேட்டுத் தோண்டுவது?

போன வாரம் எங்கள் வகுப்பில் கற்காலம் பற்றிப் பாடம் நடந்தது. நண்பன் ஒருவன் எழுந்து கேட்டான்: "ஐம்பதாயிரம் வருஷத்துக்கு முன்னாடி செத்துப் போனவங்க விட்டுட்டுப் போன கல்லைத் தோண்டி எடுக்க, இப்ப உயிரோட இருக்கறவங்ககிட்ட எதுக்கு சார் அனுமதி கேக்கணும்?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து ஆஸ்திரேலியாவில் நடந்த இரண்டு சம்பவங்களைப் படித்ததும் சிரிப்பு போய்விட்டது. ஓரிடத்தில் கேட்டுத் தோண்டினார்கள். இன்னோரிடத்தில் கேட்காமல் உடைத்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் நண்பனின் கேள்விக்குப் பதில் கிடைக்கிறது.

முதல் இடம்: மஜெட்பெபே

ஆஸ்திரேலியாவின் வட பிரதேசத்தில், ககாடு தேசியப் பூங்காவை ஒட்டி, மிரார் என்ற பூர்வகுடி மக்களின் நிலம் இருக்கிறது. அங்கே மணற்பாறை ஒன்றின் அடியில், மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கக்கூடிய ஓர் இடம். அதன் பெயர் மஜெட்பெபே. 1973-லும் 1989-லும் அங்கே அகழாய்வு நடந்தது. பிறகு 2012-லும் 2015-லும் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ் கிளார்க்சன் தலைமையில் மீண்டும் தோண்டினார்கள்.

கிடைத்தவற்றில் என்னை மிகவும் கவர்ந்தவை கல் கோடரிகள். சாதாரணக் கற்கருவி என்றால் கல்லைக் கல்லால் தட்டிச் செதில் பெயர்த்துச் செய்வது. இந்தக் கோடரிகள் அப்படியல்ல. முதலில் கடினமான எரிமலைப் பாறையைத் தட்டி ஓரளவு வடிவத்துக்குக் கொண்டு வர வேண்டும். பிறகு சொரசொரப்பான பாறைமேல் தண்ணீர் விட்டு, வாய்ப்பகுதி வழவழவென்று கூர்மையாகும்வரை தேய்க்க வேண்டும். கத்திக்குச் சாணை பிடிப்பது போலத்தான், ஆனால் சக்கரம் கிடையாது, கை வலிக்க வலிக்க மணிக்கணக்கில் தேய்ப்பதுதான். அதன்பின் மரப்பிடியில் பொருத்திக் கட்ட வேண்டும். மழுங்கினால் தூக்கி எறிய வேண்டாம், மறுபடி தீட்டிக்கொள்ளலாம். இன்று இரவு சாப்பாட்டுக்காக அவசரமாகச் செய்த கருவி அல்ல இது. பல வருடம் உழைக்க வேண்டும் என்று திட்டமிட்டுச் செய்தது!

ஐரோப்பாவில் இப்படித் தேய்த்துத் தீட்டிய கோடரிகள் பரவலானது புதிய கற்காலத்தில், அதாவது கடந்த பத்தாயிரம் ஆண்டுகளுக்குள்தான். மஜெட்பெபேயின் அடி அடுக்குக்கு ஆய்வாளர்கள் சொன்ன வயது சுமார் 65,000 ஆண்டுகள். மணல் துகள் கடைசியாக எப்போது சூரிய ஒளியைப் பார்த்தது என்று கணக்கிடும் முறையில் இதைக் கண்டுபிடித்தார்கள். முடிவுகள் 2017-ல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தன. இந்த வயதை எல்லோரும் ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேலே கிடந்த கற்கள் காலப்போக்கில் மணலுக்குள் கீழே இறங்கியிருக்கலாம் என்பது ஒரு சாராரின் வாதம். எப்படியானாலும், ஒரு காலத்தில் 'நாகரிகம் அறியாதவர்கள்' என்று எழுதப்பட்ட மக்களின் முன்னோர்தான் உலகின் மிகப் பழைய கோடரிகளைத் தீட்டியவர்களில் அடங்குவார்கள்.

இனி முக்கியமான விஷயம். இந்த அகழாய்வு மிரார் மக்களின் அமைப்போடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பேரில்தான் நடந்தது. வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமையும், கிடைத்த பொருட்கள் மீதான கட்டுப்பாடும் அவர்களிடமே இருந்தன. இத்தனைக்கும் அந்த இடம் ஜபிலுகா என்ற யுரேனியச் சுரங்கக் குத்தகை நிலத்துக்குள் இருந்தது. சுரங்கம் வேண்டாம் என்று மிரார் மக்கள் 1998-ல் பெரிய போராட்டமே நடத்தினார்கள். 2024-ல் அந்தக் குத்தகையை நீட்டிக்க அரசு மறுத்துவிட்டது. 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை கையில் இருந்தவர்கள்தான் ஆராய்ச்சிக்கு 'சரி' என்று சொன்னார்கள். இது கவனிக்க வேண்டிய விஷயம் இல்லையா?

இரண்டாவது இடம்: ஜூக்கன்

இதே நாட்டின் மேற்கே, இரும்புத் தாதுக்குப் பெயர் பெற்ற பில்பரா பகுதி. அங்குள்ள ஜூக்கன் பள்ளத்தாக்கு, புட்டு குன்டி குர்ரமா, பினிகுரா மக்களின் நிலம். அங்கிருந்த பாறை ஒதுக்கிடம் ஒன்றில் சுமார் 46,000 ஆண்டுகளாக மனிதர்கள் வந்து தங்கியதற்குத் தடயம் உண்டு. ரியோ டின்டோ நிறுவனம் தன் சுரங்கத்தை விரிவாக்க, அந்த இடத்தை அழிக்க 2013-ல் அரசின் அனுமதி பெற்றது. அழிப்பதற்கு முன் எடுக்க முடிந்ததை எடுப்போம் என்று 2014-ல் தோண்டினார்கள். ஏழாயிரத்துக்கும் அதிகமான பொருட்கள் கிடைத்தன. கங்காரு எலும்பைக் கூராக்கிச் செய்த 28,000 ஆண்டு பழைய கருவி அவற்றில் ஒன்று. இன்னொன்று, மனிதத் தலைமுடியைப் பின்னிச் செய்த, 4,000 ஆண்டு பழைய இடைக்கச்சின் ஒரு துண்டு.

அந்த முடியின் மரபணுவைச் சோதித்தார்கள். இன்று அதே நிலத்தில் வாழும் மக்களின் நேரடி முன்னோருடையது என்று தெரிந்தது.

இவ்வளவு தெரிந்த பிறகும் அனுமதியை மறுபரிசீலனை செய்ய 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்போது வழி இருக்கவில்லை. நிலத்தைப் பயன்படுத்துகிறவர் மேல்முறையீடு செய்ய முடிந்தது, அந்த மண்ணின் மக்களால் அன்று முடியவில்லை! வெடிமருந்து நிரப்பியாகிவிட்டது என்பதே அவர்களுக்குக் கடைசி நேரத்தில்தான் தெரிந்தது. நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினார்கள். 2020 மே 24 அன்று வெடித்தார்கள். லாபம்? சுமார் 13.5 கோடி ஆஸ்திரேலிய டாலர் மதிப்புள்ள கூடுதல் தாது. அந்த இடத்தைத் தொடாமலே சுரங்கத்தை விரிவாக்க வேறு திட்டங்களும் இருந்தன. அவற்றை அந்த மக்களிடம் சொல்லவே இல்லை என்பது பின்னர் நாடாளுமன்ற விசாரணையில் வெளிவந்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, தலைமை அதிகாரி பதவி விலக நேர்ந்தது. 46,000 வருடம் நின்ற இடம் மட்டும் திரும்பி வரவில்லை.

என் பதில்

ஆராய்ச்சியாளர்கள் 2014-ல் ஜூக்கனில் தங்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள். பொருட்களைக் காப்பாற்றினார்கள். ஆனால் இடத்தைக் காப்பாற்றும் அதிகாரம் அவர்களிடமும் இல்லை, அந்த மக்களிடமும் இல்லை. அனுமதி கேட்பது அறிவியலுக்குத் தடை என்று பலர் நினைக்கிறார்கள். நடந்தது நேர்மாறானது. மக்களின் கையில் உரிமை இருந்த மஜெட்பெபேயில் கோடரியும் கிடைத்தது, இடமும் நிற்கிறது. நாளைக்கு இன்னும் நல்ல கருவிகளோடு வருகிறவர்கள் அந்த வயதுச் சண்டையைத் தீர்க்கவும் முடியும். ஜூக்கனில் அந்த ஒதுக்கிடம் பழையபடி இல்லை.

'செத்துப் போனவங்க' என்று நண்பன் சொன்னான். அந்த முடிக்கு உயிரோடு இருக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். நம் பாட்டியின் பெட்டியைத் திறப்பதற்கு முன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்க மாட்டோமா? திங்கட்கிழமை வகுப்பில் அவனிடம் இதைத்தான் சொல்லப் போகிறேன். இந்தத் தடவை யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.