விச்வுட் பார்க்: வீடுகளும் மரங்களும்

டொராண்டோவில் பாதர்ஸ்ட் தெருவும் டாவன்போர்ட் சாலையும் சந்திக்கும் இடத்துக்கு வடமேற்கே ஒரு மேடு இருக்கிறது. பனியுகத்தின் இறுதியில் இங்கிருந்த இராகுவா ஏரியின் பழைய கரை அது. அதன் அடிவாரத்தை ஒட்டிச் செல்லும் டாவன்போர்ட் சாலை, ஐரோப்பியர் வருமுன்பே பூர்வகுடிகள் நடந்த பாதை. மேட்டின் மேல், ஓக் மரங்களுக்கு நடுவே, ஏறத்தாழ அறுபது வீடுகள் கொண்ட குடியிருப்புதான் விச்வுட் பார்க்.

1870களில் மார்மடியூக் மேத்யூஸ் என்ற நிலக்காட்சி ஓவியர் இங்கே நிலம் வாங்கி வீடு கட்டினார். இங்கிலாந்தில் உள்ள விச்வுட் காட்டின் பெயரையே வீட்டுக்கும் வைத்தார். கலைஞர்கள் கூடி வாழும் இடமாக இது அமைய வேண்டும் என்பது அவர் ஆசை. பிறகு ஓவியர் ஜார்ஜ் ரீட், கட்டிடக் கலைஞர் ஈடன் ஸ்மித் போன்றோர் வந்து சேர்ந்தார்கள். நகரின் பல பகுதிகளில் மண்ணுக்கடியில் குழாய்க்குள் போய்விட்ட டாடில் ஓடையை இங்கே ஒரு குளமாகப் பார்க்கலாம்.

ஊடகச் சிந்தனையாளர் மார்ஷல் மக்லூகன் 1968 முதல் 1980ல் மறையும் வரை இங்கே வாழ்ந்தார். அருகிலுள்ள குடியிருப்புகளைப் பிளந்து செல்லவிருந்த ஸ்பாடைனா விரைவுச் சாலையை எதிர்த்து, ஜேன் ஜேகப்ஸ் முதலானோருடன் அவரும் குரல் கொடுத்தார். 1971ல் ஒன்டாரியோ முதல்வர் பில் டேவிஸ் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

சாலை நின்றால் போதுமா? ஒவ்வொரு வீடாக இடிபட்டாலும் தெருவின் தன்மை போய்விடும். இதற்கு உதவுவது 1975ன் ஒன்டாரியோ மரபுரிமைச் சட்டம். தனிக் கட்டிடத்தை மட்டுமல்லாமல் ஒரு வட்டாரம் முழுவதையும் அதன்கீழ் பாதுகாக்கலாம். விச்வுட் பார்க் 1985ல் அவ்வாறு அறிவிக்கப்பட்டது. வெளித்தோற்றத்தை மாற்ற நகராட்சியின் அனுமதி வேண்டும். உள்ளே மாற்றுவதை இச்சட்டம் பொதுவாகத் தடுப்பதில்லை. மென்பொருள்காரர்களுக்கு இது பழகிய விஷயம்தான்: இடைமுகம் மாறாதவரை உள்ளே எப்படி வேண்டுமானாலும் திருத்தி எழுதலாம். இச்சட்டத்துக்கும் ஆரம்பத்தில் பல் இல்லை. இடிப்பதை நகராட்சிகள் பெரும்பாலும் தள்ளிப்போடத்தான் முடிந்தது. அடியோடு மறுக்கும் அதிகாரம் 2005ல் வந்த திருத்தத்தில்தான் கிடைத்தது.

மரங்களுக்குத் தனி விதி. தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் 30 செ.மீ. விட்டம் உள்ள மரம் உங்கள் சொந்தக் கொல்லையில் நின்றாலும், அனுமதியின்றி வெட்ட முடியாது. சுற்றளவில் சொன்னால் சுமார் 94 செ.மீ. ஆனால் சட்டம் ரம்பத்தைத்தான் தடுக்கும், பூச்சியையும் முதுமையையும் தடுக்காது. 2007ல் டொராண்டோவில் கண்டறியப்பட்ட மரகத வண்டு, நகரின் ஆஷ் மரங்களைப் பெருமளவில் அழித்துவிட்டது. ஒரே காலத்தில் நட்ட மரங்கள் ஒரே காலத்தில் மூப்படையும். இன்று கன்று நடாத தெருவில் ஐம்பது வருடம் கழித்து நிழல் இராது.

எல்லாவற்றையும் விடக் கடினமான கேள்வி வேறு. வீட்டு விலை எட்டாக்கனியாகிவிட்ட நகரத்தில் 'தன்மையைக் காப்போம்' என்பது, புதியவர்களை உள்ளே விடாமலிருக்க ஒரு சாக்காகவும் ஆகலாம். 2023 மே மாதம் டொராண்டோ நகர மன்றம், குடியிருப்புப் பகுதிகளில் ஒரே மனையில் நான்கு வீடுகள் வரை கட்டலாம் என்று விதியை மாற்றியது. மரபுரிமைச் சட்டம் இதற்கு நேர் எதிரி அல்ல. அது கூரையையும் முகப்பையும் பற்றிக் கேட்கிறது, உள்ளே எத்தனை குடும்பம் என்று கேட்பதில்லை. பெரிய பழைய வீட்டை வெளியே மாற்றாமல் உள்ளே மூன்று நான்காகப் பிரிக்க வழி உண்டு.

புதுச்சேரியின் வைசியாள் தெருவிலும் திண்ணையும் தாழ்வாரமுமாகத் தெருமுகப்பை மீட்டதற்கு 2008ல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. திண்ணைக்கு மதிப்பு அதில் யாராவது வந்து உட்காரும்போதுதான். மர நிழலும் அப்படியே. காக்க வேண்டியது வீட்டையும் மரத்தையும். கதவைச் சாத்தி வைப்பதை அல்ல.