யானைத் துப்பாக்கி இளைத்த கதை

1840-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் துப்பாக்கித் தொழில் செய்துவந்த கிப்ஸ் என்பவரிடம் ஓர் இளைஞர் தாமே வகுத்த திட்டம் ஒன்றைக் கொடுத்து, அதன்படி ஒரு ரைபிள் செய்து தரச் சொன்னார். குழல் மட்டும் 36 அங்குலம். மொத்த எடை 21 ராத்தல். உருண்டைக் குண்டானால் மூன்று அவுன்ஸ். கூம்புக் குண்டானால் நான்கு அவுன்ஸ். அதை உந்தித் தள்ள ஓர் அவுன்ஸ் நிறையுள்ள கரிமருந்து. கிப்ஸ் பீரங்கிப் பட்டறையை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, கேட்டபடி செய்து கொடுத்துவிட்டார்.

அந்த இளைஞர்தான் ஸாமுவேல் பேக்கர். பின்னாளில் நைல் நதியின் ஊற்றுக்கண்ணைத் தேடிப் போய் 'ஸர்' பட்டம் பெற்றவர். அதற்கு முன், 1845-ல், அந்த ரைபிளோடு இலங்கைக்கு வந்து இறங்கினார். நுவரெலியாவில் குடியேறி 1855 வரை இருந்தார். அவர் சுட்டுத் தள்ளிய யானைகளின் கணக்கைப் படிப்பது இன்று நமக்கு இன்பமான காரியம் அல்ல. ஆனால் துப்பாக்கியைப் பற்றி அவர் போட்ட கணக்கு மிகச் சரியானது.

அந்தக் காலத்தில் குழல்வாயின் அகலத்தைச் சொல்லும் முறையே வேடிக்கை. ஒரு குழலுக்குச் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் ஒரு ராத்தலுக்கு எத்தனை நிற்கும் என்று பார்ப்பார்கள். எட்டு நின்றால் எட்டாம் எண். நான்கு நின்றால் நான்காம் எண். எண் சிறுக்கச் சிறுக்க வாய் பெருக்கும்! இவ்வளவு பெரிய வாய் எதற்கு என்றால், குற்றம் கரிமருந்தினுடையது. எவ்வளவு அள்ளிக் கொட்டினாலும் குண்டின் வேகத்தை ஓர் அளவுக்கு மேல் அது கூட்டிக் கொடுக்காது. வேகம் கிடைக்காதபோது எடையைத்தான் கூட்ட வேண்டும். குண்டு கனத்தால் துப்பாக்கியும் கனக்க வேண்டும். இல்லாவிட்டால் முன்னால் போகிற அடிக்கு ஈடான அடி சுட்டவன் தோளில் விழும்.

அந்தக் கணக்கைப் பேக்கரே ஒருமுறை மீறிப் பார்த்தார். நைல் பயணத்துக்கு அவர் கொண்டுபோன துப்பாக்கிகளில் ஒன்று அரை ராத்தல் குண்டைச் சுடும். 'குழந்தை' என்று அவர் அதற்குச் செல்லப் பெயர் வைத்தார். அரபிகளோ 'பீரங்கி பெற்ற பிள்ளை' என்றார்கள். சுட்டால் சுட்டவரையே காற்றாடிபோல் சுழற்றிவிடும். யானைக்கு அஞ்சாத மனிதர் தம் குழந்தையைத் தூக்க அஞ்சினார்.

இந்தக் கனமெல்லாம் துரைமாரின் தோளில்தான் கிடந்தது என்று எண்ணிவிட வேண்டாம். ஒருமுறை சுட்டால் மறுபடி மருந்து கெட்டிக்க நேரம் பிடிக்கும். ஆகவே கெட்டித்து வைத்த துப்பாக்கிகளைச் சுமந்துகொண்டு இரண்டு மூன்று ஆட்கள் பின்னாலேயே போக வேண்டும். யானை திரும்பினால், கையில் துப்பாக்கி இருந்தும் சுடும் உரிமை இல்லாமல் நின்றவர்கள் அவர்கள். வேட்டை நூல்களில் அவர்களுக்கு ஒரு வரிக்கு மேல் இடம் கிடைப்பது அபூர்வம்.

1884-ல் பிரான்ஸில் வியேல் என்ற ரசாயன நிபுணர் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தில் ஏபலும் டேவாரும் 'கார்டைட்' என்ற மருந்தைக் கொண்டுவந்தார்கள். பார்ப்பதற்குச் சேமியா இழை மாதிரி இருக்கும். 1898-ல் லண்டன் ரிக்பி கம்பெனி அந்த இழைகளை நிரப்பி .450 என்ற தோட்டாவை உருவாக்கியது. .450 என்றால் குழல்வாய் அங்குலத்தில் ஆயிரத்துக்கு 450 பங்கு, அதாவது அரை அங்குலத்துக்கும் குறைவு. குண்டின் நிறை ஓர் அவுன்ஸுக்குச் சற்றே மேல். வேகமோ வினாடிக்கு 2,150 அடி! ஈயம் அந்த வேகத்தில் யானையின் மண்டையில் பட்டால் நசுங்கிவிடும் என்று உலோகக் கவசம் போட்டார்கள். 21 ராத்தல் துப்பாக்கி பதினொரு ராத்தலுக்கு இளைத்துவிட்டது.

கதை இத்துடன் முடிந்திருக்கும். ஆனால் அரசாங்கத்துக்குப் பயம் வந்துவிட்டது. பட்டாளத்தின் பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகள் பல கலகக்காரர்களின் கைக்குப் போயிருந்தன. அவற்றின் வாயும் .450. வேட்டைக்கு வரும் தோட்டாவிலிருந்து குண்டைப் பிடுங்கி அவற்றில் போட்டுச் சுட்டுவிட்டால்? 1907-ல் இந்தியாவிலும் சூடானிலும் .450 தோட்டாவுக்குத் தடை வந்தது. துப்பாக்கிக் கம்பெனிகள் சளைக்கவில்லை. வாயை ஒரு மயிரிழை அகலமாக்கி.465, .470 என்று புதிய பெயர்களில் கொண்டுவந்தன. .470 தோட்டாவின் குண்டுக்கும் பழைய குண்டுக்கும் அகலத்தில் வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. அதன் பிறகு நமது காடுகளில் வெடித்த பல புகழ்பெற்ற துப்பாக்கிகளின் வாய் அளவை நிர்ணயித்தது யானையின் தோல் அல்ல, துரைத்தனத்தின் சந்தேகம்.

இவையெல்லாம் பெரும்பாலும் இரட்டைக் குழல் துப்பாக்கிகள். கையாலேயே இழைத்துச் செய்ய வேண்டும், செல்வர்களுக்கே கட்டுபடியாகும். மற்றவர்களுக்கு ஜெர்மனியின் மௌஸர் முறைத் தாழ்ப்பாள் துப்பாக்கிதான் கதி. அதில் ஒரு சங்கடம் உண்டு. தோட்டா எவ்வளவு நீளமோ அதற்கு மேலும் தாழ்ப்பாள் பின்னால் இழுபட வேண்டும். தோட்டா நீண்டால் துப்பாக்கியும் நீளும், விலையும் ஏறும். 1911-ல் வந்த .416 ரிக்பி அருமையான தோட்டா. ஆனால் அதற்கென்று நீளமான தாழ்ப்பாளைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் அமெரிக்கர்கள் புகுந்தார்கள். 1956-ல் வின்செஸ்டர் கம்பெனி .458 என்ற தோட்டாவை வெளியிட்டது. பழைய .450-ன் பலம் முழுவதையும் இரண்டரை அங்குலப் பித்தளைக் கூட்டுக்குள் அடக்கிவிட்டோம், சாதாரண அளவுத் துப்பாக்கியிலேயே போட்டுச் சுடலாம் என்று சொன்னார்கள். கையடக்கமும் ஆயிற்று, மலிவும் ஆயிற்று. ஆப்பிரிக்க வேட்டைக்காரர்கள் ஆசையோடு வாங்கினார்கள்.

ஆனால் சின்னப் பெட்டியில் பெரிய சேலையை மடித்து வைத்தால் என்ன ஆகும்? மருந்தை அழுத்தி அழுத்தித் திணித்திருந்தார்கள். நாளாக ஆக, வெயிலில் கிடந்த தோட்டாக்களில் அது கட்டி தட்டியது. கட்டி தட்டிய மருந்து முழுதாக எரிவதில்லை. 2,100 அடிக்கு மேல் என்று விளம்பரம் செய்த வேகம், அளந்து பார்த்தால் பல சமயம் 2,000-ஐக்கூட எட்டவில்லை. கையடக்கம் வேண்டுமென்று குழலையும் குறைத்தவர்களுக்கு இன்னும் நஷ்டம். குழலுக்குள் எரிய வேண்டிய மருந்து வாய்க்கு வெளியே தீயாகவும் முழக்கமாகவும் போயிற்று. கடைக்காரரின் மேஜைமேல் இதெல்லாம் தெரியாது. இருபது கஜத்தில் எருமை திரும்பி நிற்கும்போது தெரியும்.

ஜாக் லாட் என்ற அமெரிக்கருக்கு 1959-ல் மொஸாம்பிக்கில் அது தெரிந்தது. .458-ஆல் சுடப்பட்ட காட்டெருமை விழாமல் வந்து அவரை முட்டிப் படுகாயப்படுத்தியது. உயிர் தப்பியவர் வேட்டையை விடவில்லை, தோட்டாவைத்தான் விட்டார். 1912-ல் வந்த .375 ஹாலண்ட் தோட்டாவின் நீண்ட கூட்டை எடுத்து, அதன் கழுத்தை .458 குண்டுக்கு ஏற்ப விரித்து, 2.8 அங்குல நீளத்தில் தம் பெயரால் ஒரு தோட்டா செய்தார். 1971-ல் அது தயாராயிற்று. கூட்டின் நீளத்தில் கூடியது அங்குலத்தில் பத்துக்கு மூன்று பங்குதான். மருந்து இறுக்கமின்றி அமர்ந்தது. அதே குண்டு 2,300 அடி வேகத்தில் பாய்ந்தது.

குண்டின் அகலம் மாறாததால், பழைய வின்செஸ்டரை வைத்திருந்தவர்கள் புதுத் துப்பாக்கி வாங்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. நல்ல தொழிலாளியிடம் கொடுத்து, தோட்டா உட்காரும் அறையைச் சற்று ஆழமாகக் கடைந்து, தோட்டாப் பெட்டியை நீட்டிக்கொண்டால் போதும். புதிய தோட்டா அகப்படாத ஊரில் பழைய குட்டைத் தோட்டாவையும் அதே துப்பாக்கியில் போட்டுச் சுடலாம்.