தற்சுழற்சிக் கண்ணாடி

தற்சுழற்சிக் கண்ணாடி என்பது ஒரு திண்மத்திலுள்ள அணுக்களின் காந்தத் திருப்புதிறன்கள், குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே, ஒழுங்கற்ற திசைகளில் உறைந்துவிடும் நிலை ஆகும். சாதாரணக் கண்ணாடியில் அணுக்களின் இருப்பிடங்களே ஒழுங்கற்றவை. இங்கோ படிக அமைப்பு சீராக இருக்கலாம். காந்தத் திசைகளில் மட்டுமே ஒழுங்கு இராது.

இந்நிலை முதலில் பொன்னில் சிறிதளவு இரும்பு கலந்தது போன்ற உலோகக் கலவைகளில் விரிவாக ஆராயப்பட்டது. எனினும் கோட்பாடுகளைச் சோதிக்கத் தாண்டல் உலோக ஆக்சைடுகள் மிகவும் ஏற்றவை. மின்கடத்தாப் பொருள்களான இவற்றில் காந்த இடைவினை அருகிலுள்ள அணுக்களோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

உருவாக்கம்

இரும்பும் மாங்கனீசும் சம அளவில் கலந்த டைட்டேனேட்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரும்பு டைட்டேனேட்டு என்பது உருசியாவின் இல்மென் மலைகளின் பெயர் கொண்ட இல்மனைட்டுக் கனிமமே. மாங்கனீசு டைட்டேனேட்டும் அதே படிக அமைப்புடையது. தனித்தனியே இரண்டும் ஒழுங்கான எதிர் பெர்ரோ காந்தங்கள். முன்னது ஏறத்தாழ 58 கெல்வினிலும் பின்னது ஏறத்தாழ 64 கெல்வினிலும் அவ்வொழுங்கை அடைகின்றன. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஓர் அடுக்கினுள் இரும்பு அணுக்கள் ஒரே திசையை நோக்க விழைகின்றன. மாங்கனீசு அணுக்கள் எதிரெதிர்த் திசைகளை நாடுகின்றன.

இரண்டும் இருநேர் மின்னேற்றமும் நெருங்கிய பருமனும் கொண்ட அயனிகள் ஆதலால், கலக்கும்போது ஒன்றின் இடத்தில் மற்றொன்று எளிதில் அமர்கிறது. எங்கே எது அமரும் என்பதில் ஒழுங்கில்லை. விளைவாக, ஓர் அணு தன் அண்டை அணுக்கள் அனைத்தின் விருப்பத்தையும் ஒருசேர நிறைவேற்ற இயலாது. இம்முரண்பாடே ஏறத்தாழ 21 கெல்வினில் கண்ணாடி நிலையைத் தோற்றுவிக்கிறது. ஓர் உலோகம் மிகுந்துவிட்டால் அதன் ஒழுங்கே மேலோங்கிவிடும். தயாரிப்பின்போது ஆக்சிசன் மிகுந்தால் இரும்பு மும்மை நேர் அயனியாக மாறிவிடும். எனவே சூளையின் வளிமச் சூழலைக் கட்டுப்படுத்துவது இன்றியமையாதது.

பண்புகள்

உறைநிலைக்குக் கீழே இப்பொருள் 'மூப்பு' அடைகிறது. அதாவது எவ்வளவு நேரம் காத்திருந்தது என்பதைப் பொறுத்து அதன் காந்தத் துலங்கல் மாறுகிறது. குளிர்விக்கும்போது இடையில் ஒரு வெப்பநிலையில் சிறிது நேரம் நிறுத்தினால், மீண்டும் சூடாக்கும்போது அதே வெப்பநிலையில் காந்த ஏற்புத்திறனில் ஒரு பள்ளம் தென்படும். இது 'நினைவு' எனப்படுகிறது.

கருத்து வேறுபாடு

எட்வர்ட்சும் ஆண்டர்சனும் 1975-இல் இதற்கான மாதிரியை முன்வைத்தனர். 1979-இல் பாரிசி அளித்த தீர்வு, எண்ணற்ற சமநிலைகள் உண்டு என்றது. அவர் 2021-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசின் ஒரு பாதியைப் பெற்றார். ஆனால் அத்தீர்வு ஒவ்வோர் அணுவும் மற்ற எல்லா அணுக்களோடும் இடைவினை புரியும் மாதிரிக்கே உரியது. பிஷர், ஹியூசு ஆகியோரின் 'துளி' கோட்பாட்டின்படி, மெய்யான பொருள்களில் சிறிதளவு புறக்காந்தப்புலமே இந்நிலைமாற்றத்தை அழித்துவிடும். 1990-களில் இதே டைட்டேனேட்டை ஆராய்ந்த இரு குழுக்கள் இவ்வினாவுக்கு நேரெதிரான முடிவுகளை வெளியிட்டன. முப்பரிமாணப் பொருள்களைப் பொறுத்தவரை இச்சிக்கல் இன்னும் தீர்க்கப்படவில்லை.