குளவிக்குப் பெயர் வைத்தவர்

ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு குளவி. அதைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, மைக்ராஸ்கோப்பில் வைத்து, மீசையில் எத்தனை கணு, இறக்கையில் எந்தக் கோடு எங்கே போகிறது என்று பார்த்துப் பார்த்து எழுதுகிறார் ஒருவர். 'இதுக்கெல்லாமா சார் சம்பளம் குடுப்பாங்க?' என்று கேட்கத் தோன்றுகிறதா? கொஞ்சம் பொறுங்கள்!

அவர் அர்ஜென்டினாவின் லூயிஸ் டி சாண்டிஸ். ஒட்டுண்ணிக் குளவிகளை இனம் பிரிப்பதிலேயே ஆயுளைச் செலவிட்டவர். 1964-ல் அவர் உலகத்துக்கு அறிமுகப்படுத்திய புது இனங்களில் ஒன்றின் பெயர் 'லோபெஸி'. அப்போது அதை யாரும் சட்டை செய்யவில்லை.

இப்போது ஆப்பிரிக்காவுக்குப் போவோம். 1973-ல் காங்கோ பகுதியில் மரவள்ளிச் செடிகள் குருத்து சுருண்டு கருக ஆரம்பித்தன. காரணம், வெள்ளைப் பொடி பூசிய ஒரு மாவுப்பூச்சி. விஞ்ஞானத்துக்கே புதுசு! 1977-ல்தான் அதற்கு முறையாகப் பெயர் வைத்தார்கள். அதற்குள் அது நாடு நாடாகப் பரவிவிட்டது. சில இடங்களில் 80 சதவிகித விளைச்சல் காலி. கோடிக்கணக்கான ஏழைகளுக்கு மரவள்ளிதானே மூன்று வேளைச் சாப்பாடு?

மரவள்ளியின் பூர்வீகம் தென் அமெரிக்கா. பூச்சியும் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். அப்படியானால், அதன் எதிரியும் அங்கேதானே இருக்கும்? தேடினார்கள். கண்டத்தின் வடபகுதியில் அச்சு அசலாக அதே மாவுப்பூச்சி கிடைத்தது. ஆனால், அதில் வளர்ந்த ஒட்டுண்ணிகள் ஆப்பிரிக்கப் பூச்சியில் பிழைக்கவில்லை.

ஏன்? ஆப்பிரிக்கப் பூச்சியில் ஆணே கிடையாது, எல்லாம் பெண். இதிலோ ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. நுணுக்கிப் பார்த்தபோது குட்டு உடைந்தது. இது வேறு இனம்! இனம் பிரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாவிட்டால், தப்பான வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டு இருந்திருப்பார்கள்.

1981-ல் பராகுவேயில் சரியான பூச்சி சிக்கியது. கூடவே ஒரு குட்டிக் குளவியும்! மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும். புழு உள்ளிருந்தே தின்று தீர்த்துவிட்டு, புதுக் குளவியாக வெளியே வரும். யார் இந்தப் புண்ணியவான் என்று பார்த்தால்... டி சாண்டிஸ் 17 வருஷம் முன்பே பெயர் வைத்த அதே லோபெஸி!

அதே வருஷம் நைஜீரியாவில் அதைத் திறந்துவிட்டார்கள். பிறகு விமானத்திலிருந்துகூடத் தூவினார்கள். மாவுப்பூச்சி அடங்கியது. இந்த வேலைக்குத் தலைமை தாங்கிய ஸ்விட்சர்லாந்துக்காரர் ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. செலவழித்த 1 டாலருக்கு 149 டாலர் பலன் என்று 1988-ல் பொருளாதார நிபுணர் நார்கார்ட் கணக்குப் போட்டார். எந்த ஷேர் மார்க்கெட்டிலாவது இப்படி லாபம் பார்த்திருக்கிறீர்களா?

'ஆப்பிரிக்கா கதை நமக்கெதற்கு?' என்கிறீர்களா? 2020-ல் அதே மாவுப்பூச்சி திருச்சூரில் தலைகாட்டியது. சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசிக்காக மரவள்ளி போட்ட விவசாயிகளும் தலையில் கைவைத்தார்கள். இந்தமுறை தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. பெயர் தெரியும், முகவரி தெரியும். 2021-ல் பெனின் நாட்டிலிருந்து குளவியைப் பெங்களூருக்கு வரவழைத்து, 2022-ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் திறந்துவிட்டார்கள்.

இன்னும் பெயர் வைக்கப்படாத குளவிகள் எத்தனையோ. அவற்றின் மீசைக் கணுவை எண்ணிக்கொண்டிருப்பவரை எங்கேயாவது பார்த்தால், 'இதுக்கா சம்பளம்?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்!