குப்பைமேட்டுல இருந்து மியூசியத்துக்குப் போன ஒரு கேசட்

1/ பழைய வீடியோ கேம் பொருள்னா உயிரை விடுற கூட்டத்துல நானும் ஒருத்தன். 2022-ல லெகோ கம்பெனி அடாரி 2600 கன்சோலை 2,532 துண்டுகள் கொண்ட பொம்மையா வெளியிட்டப்ப, படத்தைப் பார்த்தே சந்தோஷப்பட்ட ஆள். ஆனா சேகரிப்பாளர்கள் போட்டி போட்டு வாங்கினதுலயே விசித்திரமான பொருள் எது தெரியுமா? மண்ணுக்குள்ள 30 வருஷத்துக்கு மேல கிடந்து நசுங்கிப்போன ஒரு கேம் கேசட். அதோட கதைதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/ அடாரி 2600 அமெரிக்காவுல 1977-ல வந்தது. டிவியில மாட்டி, கேசட் சொருகி விளையாடுற பெட்டி. நம்மூர் 90ஸ் கிட்ஸ் ஊதி ஊதிப் போட்ட டிவி கேமுக்கெல்லாம் மூத்த அண்ணன். அதோட ரேம் எவ்வளவு தெரியுமா? 128 பைட். தமிழ்ல ரெண்டு வரி டைப் பண்ணாலே அது நிரம்பிடும். அதுக்குள்ளதான் ஒரு முழு கேமும் ஓடணும்.

3/ 1982 ஜூன்ல ஸ்பீல்பெர்க்கோட 'ஈ.டி.' படம் வந்து பிச்சுக்கிட்டு ஓடுது. அதை கேம் ஆக்குற உரிமைக்கான பேச்சுவார்த்தை முடியவே ஜூலை கடைசி ஆயிடுச்சு. கிறிஸ்துமஸ் சீசனுக்குச் சரக்கு கடையில இருக்கணும்னா செப்டம்பர் 1-க்குள்ள கேம் ரெடியாகணும். பொதுவா ஒரு கேம் எழுத அஞ்சாறு மாசம் ஆகும். இதுக்குக் கிடைச்சது அஞ்சே வாரம்.

4/ அந்த அஞ்சு வாரத்துல தனி ஆளா எழுதி முடிச்சவர் ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா. சாதாரண ஆள் இல்ல. அதுக்கு முன்னாடி அவர் எழுதின 'யார்ஸ் ரிவெஞ்ச்' அந்தப் பெட்டிக்கு வந்த நல்ல கேம்கள்ல ஒண்ணு.

5/ ஈ.டி. கேம்ல ஃபோனோட மூணு பாகங்களைத் தேடிச் சேர்த்து வீட்டுக்குப் பேசணும். யோசனை நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க நடந்தாலும் குழியில விழுந்துக்கிட்டே இருப்போம். ஏறினா மறுபடி விழுவோம். குழந்தைங்க வெறுத்துட்டாங்க. சுமார் 40 லட்சம் கேசட் தயாரிச்சதுல 15 லட்சம்தான் வித்ததா கணக்கு சொல்றாங்க.

6/ 1983-ல அடாரிக்கு நஷ்டம் 53 கோடி டாலருக்கு மேல. அடாரி மட்டும் இல்ல, அமெரிக்க வீடியோ கேம் தொழிலே படுத்துடுச்சு. 1983-ல சுமார் 320 கோடி டாலரா இருந்த சந்தை, 1985-ல 10 கோடி அளவுக்குச் சரிஞ்சுது. விக்காத சரக்கை 1983 செப்டம்பர்ல லாரி லாரியா நியூ மெக்சிகோவுல இருக்கிற அலமோகோர்டோ நகரக் குப்பைக்கிடங்குக்குக் கொண்டுபோய்க் கொட்டி, மேல கான்கிரீட் ஊத்தி மூடினாங்க.

7/ அதுக்கப்புறம் ஊர் வாயில ஒரே கதைதான். "ஒரு மோசமான கேம் ஒரு தொழிலையே கொன்னுடுச்சு." அந்த கேமை எழுதினது ஒரே ஒரு ஆள். அப்ப கொன்னவர் யாரு? வார்ஷா!

8/ இங்கதான் என் தொழில்புத்தி எட்டிப் பாக்குது. அரசு ஆஸ்பத்திரியில ஒருத்தர் இறந்தா, காரணம் எழுதித் தர்றது எங்க வேலை. அந்தப் படிவத்துல "இதயம் நின்றது"ன்னு மட்டும் எழுதக் கூடாது. சாகுற எல்லாருக்கும் இதயம் நிக்கத்தான் செய்யும். உடனடிக் காரணம் என்ன, அதுக்கு அடியில இருந்த காரணம் என்ன, கூடவே துணைபோன பிரச்சினைகள் என்னன்னு தனித்தனியா எழுதணும். வாங்க, 1983-க்கு அந்தப் படிவத்தை நிரப்புவோம்.

9/ உடனடிக் காரணம்: கடைகள்ல தேங்கின சரக்கு. கேம் கேசட்டை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டாங்க. மலிவா ஒரு கேசட் கிடைக்கும்போது புதுசை யாரு முழு விலை கொடுத்து வாங்குவா?

10/ அடிப்படைக் காரணம்: கட்டுப்பாடே இல்லாத பெருக்கம். ஓட்ஸ் விக்கிற குவாக்கர் கம்பெனிக்குக்கூட கேம் பிரிவு இருந்தது. நாய் தீவன விளம்பரத்துக்கே ஒரு கேம் வந்துச்சு. அடாரியே 'பேக்-மேன்' கேமை 1982-ல சுமாரா எழுதி, வித்ததைவிட லட்சக்கணக்குல அதிகமா அடிச்சு வச்சிருந்தது. இன்னொரு பக்கம் வீட்டுக் கம்ப்யூட்டர் விலை இறங்கிக்கிட்டே வந்தது.

11/ இதுக்கு ஒரு சாட்சியும் இருக்கு. 1982 டிசம்பர் 7-ல அடாரியோட தாய்க் கம்பெனி வார்னர், லாபம் எதிர்பார்த்த 50% அளவுக்கு வளராது, 10-15% தான்னு அறிவிச்சது. பங்கு விலை மூணுல ஒரு பங்கு விழுந்துச்சு. ஈ.டி.யோட விற்பனைக் கணக்கு முழுசா வர்றதுக்கு முன்னாடியே நடந்தது இது. நோயாளிக்கு ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கிட்டு இருந்துச்சு.

12/ அப்ப ஈ.டி. எங்க வரும்? "துணைபோன பிரச்சினைகள்" பகுதியில. அங்கயும் எழுத வேண்டியது வார்ஷா பேரை இல்ல. "அஞ்சு வாரக் கெடு"ன்னு எழுதணும். அந்தக் கெடுவை வச்சது அவர் இல்ல.

13/ இதுல கொடுமை என்னன்னா, ஆரம்பத்துல அடாரி கேம் எழுதினவங்க பேரைப் பெட்டியில போடவே போடாது. அந்தக் கோபத்துலதான் நாலு பேர் வெளியேறி 1979-ல ஆக்டிவிஷன் கம்பெனியைத் தொடங்கினாங்க. ஜெயிச்ச கேமுக்குப் பேர் கிடையாது. தோத்த கேமுக்கு மட்டும் ஊரெல்லாம் பேர்.

14/ சரி, மண்ணுக்குள்ள என்ன இருந்துச்சு? 2014 ஏப்ரல் 26. ஒரு ஆவணப்படத்துக்காக அந்தக் குப்பைமேட்டைத் தோண்டினாங்க. புழுதிக்காத்து முகத்துல அடிக்க, நூத்துக்கணக்கான ரசிகர்கள் நின்னு பார்த்தாங்க. வார்ஷாவும் வந்திருந்தார்.

15/ சுமார் 1,300 கேசட் கிடைச்சுது. அதுல ஈ.டி. பத்துல ஒண்ணு அளவுதான்! மிச்சமெல்லாம் பேக்-மேன், சென்டிபீட், மிசைல் கமாண்ட்னு மத்த கேம்கள், ஹிட் அடிச்சதும் சேர்த்து. அதாவது அங்க புதைஞ்சது ஒரு தோல்விப்படம் இல்ல, ஒரு கிடங்கு. அந்த மண்ணைப் பார்த்து வார்ஷா கண்கலங்கினது 'அடாரி: கேம் ஓவர்' படத்துல இருக்கு.

16/ அப்புறம் நகர நிர்வாகம் 881 கேசட்டை அத்தாட்சிச் சான்றிதழோட ஏலம் விட்டது. மொத்தம் ஒரு லட்சம் டாலருக்கு மேல வந்துச்சு. ஒரு ஈ.டி. மட்டும் 1,500 டாலரைத் தாண்டிப் போச்சு. இன்னொண்ணு வாஷிங்டன் ஸ்மித்சோனியன் மியூசியத்துக்குப் போயிடுச்சு. அன்னைக்குப் புதுசா இருந்தப்ப காசு கொடுத்து வாங்க ஆளில்லாத அதே சரக்கு!

17/ ஆனா எனக்கு இதையெல்லாம்விடப் பிடிச்ச காணிக்கை வேற. 2013-ல ஒரு ரசிகர் அந்த கேமோட கோடை எடுத்து, வரி வரியாப் படிச்சு, குழியில விழுற பிரச்சினையைச் சரிபண்ணி, எப்படிச் செஞ்சேன்னு விளக்கமும் எழுதி வச்சார். திட்டி எழுதினவங்க ஆயிரம் பேர். உட்கார்ந்து ரிப்பேர் பண்ணவர் ஒருத்தர். அடியில நல்ல கேம்தான் இருக்குன்னு அதுல தெரிஞ்சது.

18/ வார்ஷா இப்ப என்ன பண்றார்னு கேக்குறீங்களா? உரிமம் பெற்ற மனநல ஆலோசகர். அதுவும் சிலிக்கான் வேலியில. கெடு, தோல்வி, பழின்னு வர்ற டெக் ஆளுங்களுக்கு இவரைவிடப் பொருத்தமானவர் யாரு?

19/ அதனால யாராவது பழைய கேசட், பொம்மை, பெட்டின்னு சேர்த்து வச்சா "குப்பையைச் சேர்க்கிறான்"னு சிரிக்காதீங்க. கம்பெனி கான்கிரீட் போட்டு மூடின உண்மையை வெளிய கொண்டுவந்தது இந்த மாதிரி ஆசைதான். உங்க ஆபீஸ்ல ஏதாவது சொதப்பி, ஒருத்தர் மேல எல்லாரும் கைகாட்டும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இவருக்கு எத்தனை வாரம் கொடுத்தோம்?"

20/ உங்க வீட்டுப் பரண்ல டிவி கேமோ கேசட்டோ இன்னும் இருந்தா ஒரு படம் எடுத்துக் கீழ போடுங்க. டூட்டி முடிச்சு வந்து எல்லாத்தையும் பார்க்கிறேன்.