தராசும் மணியும்

விளையாட்டுக்கு வரலாறு இருப்பது போலவே அதன் விதிகளுக்கும் வரலாறு உண்டு. ஒரு குறித்த காலத்தில், ஏதோவொரு நிர்ப்பந்தத்தின் பேரில், யாரோ சிலர் ஆக்கி வைத்தவையே விதிகளாகும். ஆகவே ஒரு விதியை ஆராயுமிடத்து, அதனால் யார் காப்பாற்றப்பட்டனர், யார் இலாபமடைந்தனர் என்னும் இரு வினாக்களையும் எழுப்ப வேண்டியவராகின்றோம். குத்துச்சண்டைப் போட்டியின் நீளத்தையும், போட்டியாளரின் நிறை பார்க்கும் முறையையும் மாற்ற வேண்டுமா என்ற விவாதத்தையும் இவ்வாறே அணுகுதல் தகும்.

2025 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 2 ஆம் திகதி டோக்கியோ நகரின் கொறாகுவென் மண்டபத்தில் ஒரே நாளிற் சண்டையிட்ட இளைஞர் இருவர், ஒரு வாரத்துள் ஒருவர் பின் ஒருவராக உயிர் துறந்தனர். இருவருக்கும் வயது 28. இருவருக்கும் மண்டையோட்டினுள் இரத்தம் கசிந்திருந்தது. ஒருவர் பன்னிரண்டு சுற்றுகளையும் முடித்து வெற்றி தோல்வியின்றி மீண்டவர். மற்றவர் எட்டுச் சுற்றுப் போட்டியொன்றின் இறுதிச் சுற்றிலே வீழ்ந்தவர். இதனையடுத்து, கீழைத்தேய பசிபிக் பட்டப் போட்டிகள் பன்னிரண்டு சுற்றுகளிலிருந்து பத்தாகக் குறைக்கப்படும் என அறிவிக்கப்பட்டது. வரவேற்கத்தக்க முடிவுதான். ஆயினும் எட்டாஞ் சுற்றில் வீழ்ந்தவனைப் பத்துச் சுற்று விதி எவ்வாறு காத்திருக்கும்? இவ்வினாவுக்கு விடை தேடுவோமாயின் இரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும்.

1743 இல் இங்கிலாந்தில் புறோட்டன் வகுத்த விதிகளில் காலவரம்பு இருக்கவில்லை. ஒருவன் வீழ்ந்தால் ஒரு சுற்று முடிந்தது. அரை நிமிடத்துள் அவன் எழுந்து வராவிடின் தோற்றான். எழுந்து வரும் வரையில் சண்டை நீண்டது. குயின்ஸ்பெரி பிரபுவின் பெயரால் 1867 இல் வெளிவந்த விதிகளே மூன்று நிமிடச் சுற்று, ஒரு நிமிட ஓய்வு, கையுறை ஆகியவற்றை நிலைநாட்டின. கால் மாக்ஸின் ‘மூலதனம்’ முதற் பாகம் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். வேலைநாளின் நீளத்தைக் குறைப்பதற்காகத் தொழிலாளர் நடத்திய போராட்டத்துக்கு அந்நூலில் ஒரு முழு அத்தியாயமே ஒதுக்கப்பட்டுள்ளது. இரண்டும் ஓராண்டில் நிகழ்ந்தமை தற்செயலாகலாம். ஆனால் ஒரு மனித உடலிலிருந்து எத்தனை மணி நேர உழைப்பைப் பிழியலாம் என்னும் கேள்வி அக்காலத்து ஆலைக்கும் குத்துச்சண்டை அரங்குக்கும் பொதுவானதாகவே இருந்தது.

சுற்றின் நீளத்தை வரையறுத்த குயின்ஸ்பெரி விதிகள், சுற்றுகளின் தொகையை வரையறுக்கவில்லை. அதன் விளைவை 1893 ஏப்பிரல் மாதம் நியூ ஓர்லியன்ஸ் நகரில் உலகம் கண்டது. அண்டி போவன், ஜாக் பேர்க் என்னும் இருவர் 110 சுற்றுகள், அதாவது ஏழு மணி நேரத்துக்கும் மேலாகப் பொருதினர். ஈற்றில் இருவராலும் தொடர இயலாமற் போகவே முடிவின்றிச் சண்டை நிறுத்தப்பட்டது. மறு ஆண்டு இன்னொரு போட்டியிலே தலை மரத்தளத்தில் மோத வீழ்ந்த போவன் இறந்தார். 1920 இல் நியூயோர்க் மாநிலம் நிறைவேற்றிய வோக்கர் சட்டமே பதினைந்து சுற்று என்ற எல்லையை இட்டது. காலப்போக்கில் அதுவே பெரும்பாலான பட்டப் போட்டிகளின் வழக்கமாயிற்று.

இது மணியின் வரலாறு. தராசின் வரலாறு வேறு.

பெரியவன் சிறியவனை நசுக்காதிருக்கவே நிறைப் பிரிவுகள் தோன்றின. நோக்கம் நியாயமானது. ஆனால் தராசைப் பிடித்திருப்பவர் யார் என்பதிலேயே நியாயம் தங்கியிருந்தது. 1906 செப்டெம்பரில் நெவாடா மாநிலத்துத் தங்கச் சுரங்க நகரான கோல்ட்பீல்டில் ஜோ கான்ஸ், பற்லிங் நெல்சன் ஆகியோரிடையே நிகழ்ந்த போட்டியை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். கான்ஸ் கறுப்பினத்தவர், அந்நாளைய உலகப் பட்டத்துக்கு உரியவர். எனினும் நிபந்தனைகளை விதித்தது வெள்ளையரான நெல்சனின் தரப்பே. போட்டி நாளன்று மூன்று முறை, சண்டை உடுப்புடனேயே, 133 இறாத்தலுக்கு மேற்படாது கான்ஸ் நிற்க வேண்டும் என்று அத்தரப்பு வற்புறுத்தியது. பட்டினி கிடந்து அந்நிறைக்கு இறங்கிய அம்மனிதர் கொளுத்தும் வெயிலில் 42 சுற்றுகள் நின்றார். நெல்சன் விதி மீறி அடித்தமையாற் கான்ஸே வென்றார். ஆயினும் வென்றவருக்குக் கிடைத்த பணம் தோற்றவருக்குக் கிடைத்ததில் ஏறக்குறையப் பாதியே! நான்கு ஆண்டுகளின் பின் கான்ஸ் காசநோயால் மாண்டார்.

இப்போது 1982 நவம்பர் 13 ஆம் திகதிக்கு வருவோம். லாஸ் வேகாஸ் நகரில் அமெரிக்கரான றே மன்சினியை எதிர்த்து நின்றவர் தென் கொரியரான கிம் டக்-கூ. வறுமையில் வளர்ந்தவர், சப்பாத்துத் துடைத்தும் சில்லறை வேலைகள் பார்த்தும் வயிறு வளர்த்துப் பின் குத்துச்சண்டைக்கு வந்தவர். 135 இறாத்தல் என்னும் எல்லைக்குள் வர அவர் பெரிதும் பாடுபட்டார். பதினான்காஞ் சுற்றில் வீழ்ந்தார். சில நாட்களில் இறந்தார். சில மாதங்களின் பின் அவருடைய தாயாரும், அப்போட்டியின் நடுவரும் தத்தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். கிம்மின் மகன் தந்தையின் மரணத்தின் பின்னரே பிறந்தான்.

தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டப்பட்ட இம்மரணம் உலகின் மனச்சாட்சியை உலுக்கியது. உலகக் குத்துச்சண்டை மன்றம் பட்டப் போட்டிகளைப் பன்னிரண்டு சுற்றுகளாகக் குறைத்தது. 1980 களின் இறுதிக்குள் மற்றைய பிரதான அமைப்புகளும் அவ்வழி வந்தன. போட்டி நாட்காலையிற் பார்க்கப்பட்ட நிறையை முதல் நாளே பார்க்கும் வழக்கமும் அக்காலந்தொட்டுப் பரவலாயிற்று. நீரிழந்த உடல் மீண்டும் நீரைப் பெற ஒரு நாள் அவகாசம் கிடைக்கும் என்பதே அதற்குக் கூறப்பட்ட நியாயம்.

இவ்விரு மாற்றங்களும் எவருக்கு வசதியாயின என்பதை நாம் கவனித்தல் வேண்டும். பதினைந்து சுற்றுப் போட்டி ஓய்வு நேரத்துடன் 59 நிமிடம் நீள்வது. பன்னிரண்டு சுற்றுப் போட்டி 47 நிமிடத்தில் முடிவது. விளம்பரங்களையும் சேர்த்து ஒரு மணி நேரத்துள் அடக்கத் தொலைக்காட்சிக்கு இதனினும் வாய்ப்பான அளவு வேறில்லை. முதல் நாள் நிறை பார்த்தலோ, தனியொரு விளம்பரக் காட்சியாகவே வளர்ந்துவிட்டது. உயிர் காக்க வந்த சீர்திருத்தம் முதலாளிகளுக்கு ஒரு சதமேனும் நட்டம் தராதிருந்தமையாலேயே அது தடையின்றி நிறைவேறிற்று எனல் மிகையாகாது.

வீரருக்கு விளைந்தது யாது? ஒரு நாள் அவகாசம் உண்டென அறிந்ததும், முன்னரிலும் கூடுதலாக உடலை வற்றச் செய்யும் பழக்கம் வேரூன்றியது. வெந்நீராவி அறையிலும் காற்றுப் புகாத றப்பர் உடையிலும் வியர்வையைப் பிழிந்து, தராசில் ஏறி இறங்கி, பின்னர் நீர் குடித்து மறுநாள் பெருத்த உடலுடன் அரங்கேறுவதே உத்தியாயிற்று. 2000 பெப்ரவரியில் நியூயோர்க்கில் ஜோய் கமாச்சியை ஆட்டுறோ கற்றி எதிர்த்தார். முதல் நாள் தராசில் 141 இறாத்தலாகக் குறிக்கப்பட்ட கற்றி, மறுநாள் ஏறக்குறைய 160 இறாத்தலுடன் நின்றார். இரண்டாஞ் சுற்றில் வீழ்த்தப்பட்ட கமாச்சி மூளைப் பாதிப்புற்றார், மீண்டும் அரங்கேறவில்லை. போட்டியை மேற்பார்வை செய்த அரச ஆணையம் நிறை பார்த்ததிற் கவனயீனமாக நடந்துகொண்டது என 2010 இல் நீதிமன்றம் கூறியது. ஆனால் இழப்பீடு எதுவும் வழங்கவில்லை.

குடித்த நீர் வயிற்றையும் தசையையும் நிரப்பலாம். மூளையும் அதனைச் சூழ்ந்த நீர்மமும் பழைய நிலைக்கு மீளக் கூடிய காலம் செல்லக்கூடும் என வைத்தியர் பலர் எச்சரித்துள்ளனர். ஒவ்வொரு மரணத்துக்கும் இதுவே காரணம் என நிறுவப்படவில்லை என்பது மெய்யே. ஆனால் ஐயம் இருக்குமிடத்து அதன் பயன் உடலுக்கு உரியவனைச் சாரவேண்டும், இலாபத்துக்கு உரியவனையன்று.

மாற்றம் இயலாததன்று. 1997 இன் இறுதியில் ஐக்கிய அமெரிக்காவிற் கல்லூரி மல்யுத்த மாணவர் மூவர் நிறை குறைக்கும் முயற்சியிலேயே சில வாரங்களுள் இறந்தனர். மறு ஆண்டே றப்பர் உடையும் வெந்நீராவி அறையும் தடை செய்யப்பட்டன. நிறை பார்க்கும் நேரம் போட்டியை அண்மித்ததாக்கப்பட்டது. ஒவ்வொருவனும் இறங்கக்கூடிய ஆகக் குறைந்த நிறை, உடலின் நீர்நிலையைச் சோதித்துப் பருவத்தின் தொடக்கத்திலேயே தீர்மானிக்கப்பட்டது. தொழின்முறைக் குத்துச்சண்டையிலும் சர்வதேசக் குத்துச்சண்டைச் சம்மேளனம், தன் பட்டப் போட்டிகளில், போட்டி நாட்காலையில் இரண்டாம் முறை நிறை பார்த்துப் பத்து இறாத்தலுக்கு மேல் ஏறக்கூடாது என விதித்திருந்தது. அரைகுறையாயினும் அது சரியான திசையில் ஓரடி.

இறுதிச் சுற்றுகளிலேதான் வீரனின் நெஞ்சுறுதி வெளிப்படும் என்பார் உளர். 110 சுற்றுகள் இல்லையே என்று இன்று எவரும் ஏங்குவதாகக் காணோம். சுற்றுகளைக் குறைப்பது வேண்டியதே. ஆனால் அதனோடு நின்றுவிடுதல் தீர்வாகாது. போட்டி நாளிலே நிறை பார்த்தல் வேண்டும். அதனை மட்டும் விதித்தாலும் போதாது. போட்டி நாளிற் பார்க்கப்பட்ட நிறையே கான்ஸை வதைத்தது என்பதை மறத்தலாகாது. ஆகவே ஒருவன் எவ்வளவுக்கு இறங்கலாம் என்பதை, போட்டி குறிக்கப்படுமுன்னரே, போட்டி நடத்துவோரிடம் கூலி பெறாத வைத்தியர் தீர்மானித்தல் வேண்டும். அதனை மேற்பார்வை செய்யும் சபையில் வீரரின் சொந்தச் சங்கத்துக்கும் இடமிருத்தல் வேண்டும்.

மணி ஒலிப்பதை ஆயிரம் பேர் கேட்கின்றனர். ஆகவே மரணம் நிகழுந்தோறும் மணியைத் திருத்துகின்றனர். தராசுக்கு முன்னாகப் பல நாட்கள் பூட்டிய அறையில் வியர்த்துக் கிடப்பவனை எவரும் காண்பதில்லை. டோக்கியோவிலே எட்டாஞ் சுற்றில் வீழ்ந்த இளைஞன் நம்மிடம் விட்டுச் சென்ற கேள்விக்கு விடை அவ்வறையின் கதவைத் திறப்பதிலிருந்தே தொடங்குகின்றது.