அறுபத்துநான்காம் ஆண்டுச் சூறாவளி: நினைவும் வரலாறும்

வரலாறு என்றதும் அரசர்களும் போர்களும் ஆட்சி மாற்றங்களுமே பெரும்பாலோர் மனத்தில் எழுகின்றன. ஒரு நாட்டு மக்களின் வாழ்க்கையை ஓர் இரவிலே புரட்டிவிடும் இயற்கை நிகழ்ச்சிகள் வரலாற்று நூல்களிற் பெரும்பாலும் ஓரிரு வரிகளுடன் நின்றுவிடுகின்றன. 1964ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆந் திகதி இலங்கையின் வடபகுதியைத் தாக்கிய சூறாவளி இதற்குத் தக்க சான்றாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் முதியோர் அதனை இன்றும் 'அறுபத்துநாலாம் ஆண்டுப் புயல்' என்றே குறிப்பிடுவர். பிறப்பு, திருமணம், வீடு கட்டிய காலம் ஆகியவற்றைப் 'புயலுக்கு முன்', 'புயலுக்குப் பின்' என வகுத்துக் கூறுதலும் அவர்தம் பேச்சில் உண்டு. மக்கள் நாட்கணக்காகக் கொண்ட ஒரு நிகழ்ச்சி, எழுதப்பட்ட வரலாற்றில் இடம்பெறாது போனதேன் என்பது ஆராயத்தக்கது.

அவ்வாண்டின் அரசியற் பின்னணியை முதலில் நோக்குதல் வேண்டும். 1964 ஒக்டோபரிற் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. டிசெம்பர் 3ஆந் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் பாராளுமன்றத்தில் ஒரு வாக்கினால் தோல்வியுற்றது. டிசெம்பர் 17ஆந் திகதி பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. அந்தமான் கடலின் தென்பகுதியிலே தாழமுக்கம் உருவாகியதும் ஏறத்தாழ அதே நாளிலேயாம். கொழும்பு தேர்தலை நோக்கியிருந்த வேளையிற் கடல் வடக்கை நோக்கி வந்தது. 1965 மார்ச்சுத் தேர்தலும் அதனையடுத்த ஆட்சி மாற்றமும் வரலாற்றாசிரியரின் கவனத்தை முழுமையாகக் கவர்ந்துகொண்டன. புயல் மக்கள் நினைவுக்கு விடப்பட்டது.

சூறாவளி கிழக்குக் கரையைக் கடந்து, வவுனியாப் பகுதியினூடாக வடமேற்கே சென்று, மன்னார்க் கடலைத் தாண்டி, அன்றிரவே தனுஷ்கோடியைத் தாக்கியது. காற்றின் வேகம் மணிக்கு 200 கிலோமீற்றருக்கும் மேற்பட்டதென மதிப்பிடப்பட்டுள்ளது. பூமத்திய கோட்டுக்கு இத்துணை அண்மையில் இவ்வளவு வலிய சூறாவளி தோன்றுதல் அரிது. தனுஷ்கோடியிற் பயணிகள் புகையிரதம் ஒன்று நூற்றுக்கு மேற்பட்டோருடன் கடலுள் மூழ்கியது. பாம்பன் பாலம் சிதைந்தது. தனுஷ்கோடி நகரம் மனிதர் வாழும் இடமாக மீண்டும் எழவேயில்லை. 1914 முதல் தலைமன்னாரையும் தனுஷ்கோடியையும் இணைத்த கப்பற்சேவை அவ்விடத்தில் முடிவுற்றுப் பின்னர் இராமேஸ்வரத்துக்கு மாற்றப்பட்டது. சிதம்பரத்துக்கும் இராமேஸ்வரத்துக்கும் யாத்திரை சென்றோரும், சென்னைக்குக் கல்வி கற்கச் சென்றோருமாகிய யாழ்ப்பாணத்தவர் பலருக்குத் தனுஷ்கோடி பழகிய துறையாகவே இருந்தது. ஆகவே அந்நகரின் அழிவு இங்குள்ளோர் நெஞ்சிலும் ஆழப் பதிந்தது. இதனால் ஒரு விளைவும் நேர்ந்தது. தனுஷ்கோடியின் பெருந்துயரம் பேசப்பட்ட அளவிற்கு, பாக்கு நீரிணையின் இக்கரையில் நேர்ந்த இழப்புப் பேசப்படவில்லை. இலங்கையில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தமையும், பல்லாயிரம் வீடுகளும் நூற்றுக்கணக்கான வள்ளங்களும் அழிந்தமையும் இந்தியச் செய்திகளின் அடிக்குறிப்பாயின.

குடாநாட்டு மக்களின் நினைவிற் புயல் எவ்வாறு நிலைத்துள்ளது என்பது அடுத்து நோக்கற்பாலது. மூன்று செய்திகள் அதில் முதன்மை பெறுகின்றன. முதலாவது, நாளைப் பற்றியது. குரோதி வருடத்து மார்கழி, செவ்வாய்க்கிழமை இரவு என்று சைவர் குறிப்பர். திருவெம்பாவைப் பூசை முடிந்து சில நாளே கழிந்திருந்த காலம் அது. கரையோரக் கத்தோலிக்கருக்கோ அது நத்தாருக்கு மூன்று நாள் முந்திய இரவு. இரு சமயத்தவரும் தத்தம் விழாவை அளவாகக் கொண்டு ஒரே இரவைச் சுட்டுதல், நினைவு தன் காலக்கணக்கைத் தானே அமைத்துக்கொள்வதைக் காட்டுகின்றது.

இரண்டாவது, காற்றைப் பற்றியது. கடலோடிகள் காற்றினைத் திசையால் அறிவர். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனப் பெயரிட்டு வழங்குவர். புயலின் மையம் குடாநாட்டுக்குத் தெற்கே சென்றமையால், குடாநாடு அதன் வலப்புறத்தே அமைந்தது. நமது அரைக்கோளத்திற் சூறாவளி இடஞ்சுழியாகச் சுழலும். எனவே குடாநாட்டிற் காற்று வாடையாகத் தொடங்கி, கொண்டலுக்குத் திரும்பி, பின்னர் தென்கிழக்கே நின்று வீசியிருத்தல் வேண்டும். வடமராட்சி, மயிலிட்டி முதலிய வடகரையினர் நினைவும், பரவைக்கடலை நோக்கிய தென்கரையினர் நினைவும் ஒன்றோடொன்று மாறுபடுமாயின், ஒன்று பொய்யென உடனே கொள்ளலாகாது. ஒரே புயல் வெவ்வேறு வேளையில் வெவ்வேறு கரையை வருத்தியிருக்கக் கூடும். காற்று இடையில் முற்றாக அடங்கிப் பின்னர் எதிர்த்திசையில் எழுந்தது என ஒருவர் கூறின், அது மையப்பாதையில் இருந்த மன்னார் உறவினரிடம் கேட்ட செய்தியாதலும் கூடும். நினைவைச் சோதித்தறிய இயற்கையறிவு இவ்வாறு துணைபுரிகின்றது.

மூன்றாவது, இழப்பைப் பற்றியது. முதியோர் வாய்மொழியில் முதலில் வருவன மரங்களும் கிணறுகளுமேயாம். எந்தக் காற்றுக்கும் வளைந்து கொடுக்காத பனை வீழ்ந்தமை பெருவியப்பாகக் கூறப்படும். இதன் பொருளாதாரக் கருத்து ஆழமானது. புதிதாக நட்ட தென்னை காய்க்க ஆறேழு ஆண்டு செல்லும். பனையோ பதினைந்து ஆண்டுக்கு மேலாகியே பயன்தரும். ஓலை, கிடுகு, வளை, மட்டை எனக் கூரை முதல் வேலி வரை வழங்கிய மரம் வீழ்ந்தபோது, இடிந்த வீட்டை மீண்டும் வேய்வதற்கான பொருளும் உடன் வீழ்ந்தது. மாரி மழையை நம்பி விதைத்த நெல் தை அறுவடையை எதிர்நோக்கிக் கதிர்கொள்ளும் பருவத்தில் இருந்தது. கடல்நீர் ஏறிய வயல் அவ்வாண்டு மட்டுமன்றி அடுத்த போகத்தையும் இழந்தது. ஆறுகளற்ற குடாநாட்டில், சுண்ணக்கற் பாறையின் இடையே உவர்நீரின் மேல் மெல்லிய படையாக நிற்கும் நன்னீரே கிணற்று நீராகும். கரையோரக் கிணறுகளிற் கடல் புகுந்தபின் அந்நீர் தெளியப் பல மழை வேண்டும். வள்ளமும் வலையும் இழந்த மீனவருக்கோ தொழிலே இல்லாது போயிற்று. கடன்பட்டே அவர்கள் மீண்டும் கடலிறங்க வேண்டியிருந்தது. இவையெல்லாம் இறந்தோர் தொகையில் அடங்காத இழப்புகள். இவற்றை அரச அறிக்கைகளினும் மக்கள் நினைவே தெளிவுறக் கூறவல்லது.

எனினும் நினைவுக்கும் பின்னர் பல இடர்கள் நேர்ந்தன. 1959இல் தொடங்கப்பெற்ற 'ஈழநாடு' பத்திரிகையின் அலுவலகமும், ஏறத்தாழ 97,000 நூல்களைக் கொண்டிருந்த யாழ்ப்பாணப் பொது நூலகமும் 1981இல் தீக்கிரையாயின. புயலை அண்மையிலிருந்து பதிவு செய்திருக்கக்கூடிய உள்ளூர் ஏடுகள் பல இவ்வாறு அழிந்தன. 1990இல் மயிலிட்டி மக்கள் தம் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. அவ்வூர்த் துறைமுகம் 2017இலேயே மீண்டும் அவர்களுக்குக் கிடைத்தது. ஊரையும் கரையையும் சுட்டிக்காட்டிக் கதை சொல்லும் வாய்ப்பு ஒரு தலைமுறைக்கு இல்லாதொழிந்தது. பலர் கடல்கடந்து சென்றுவிட்டனர். 2004 டிசெம்பர் 26இல் வந்த கடற்கோள் மற்றொரு மார்கழித் துயராகப் பழைய நினைவின் மேற் படிந்தது. கடல் ஏறிய உயரத்தையும் உடைந்த வீடுகளையும் கூறுமிடத்து, இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒன்றோடொன்று கலந்துவிடுதல் இயல்பே. ஆராய்வோர் அவற்றைப் பிரித்தறிதல் வேண்டும்.

பழைய புயல்கள் அறியப்பட்ட வகையும் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. 1627இல் யாழ்ப்பாணத்திற் கடல் பொங்கி நிலத்துட் புகுந்த பெரும்புயலை இன்று நாம் அறிவது போர்த்துக்கேயக் குருமாரின் எழுத்துக்களாலேயாம். அங்கும் மாதா கோயிலின் அற்புதத்தைக் கூறவே புயல் பதிவாயிற்று; அன்று வீடிழந்த தமிழ்க் குடிமக்களின் குரல் அதில் இல்லை. 1964இன் புயலுக்கு அந்நிலை நேரவேண்டியதில்லை. அன்று பத்து வயதினராயிருந்தோர் இன்று எழுபதைக் கடந்தவராயினும் நம்மிடையே உளர்.

இது பழமையைப் போற்றும் விருப்பினால் மட்டும் கூறப்படுவதன்று. 1970இல் வங்கக் கடலின் வடகரையை அழித்த புயலில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அத்துயரத்திலிருந்து பாடங்கற்ற வங்காளதேசம் எச்சரிக்கைத் தொண்டர்களையும் புயற்புகலிடங்களையும் அமைத்துப் பின்வந்த புயல்களில் உயிரிழப்பைப் பெரிதுங் குறைத்தது. குடாநாட்டையும் 2008இல் நிஷாவும் 2020இற் புரெவியும் வெள்ளத்தில் ஆழ்த்தின. எந்தக் கரையிற் கடல் எவ்வளவு தூரம் ஏறிற்று, எந்தக் கோயிலும் பள்ளியும் மக்களுக்குப் புகலளித்தன, எவ்வழி முதலில் அடைபட்டது என்பனவற்றை அறிந்த ஊரே அடுத்த புயலுக்கு ஆயத்தமான ஊராகும். இவ்வறிவு பெருமளவில் முதியோர் நெஞ்சிலேயே உள்ளது. ஊர்தோறும் சென்று, நாளும் திசையும் இடமும் குறித்து, ஒருவர் கூற்றை மற்றொருவர் கூற்றோடு ஒப்பிட்டு எழுதிவைக்கும் பணி பல்கலைக்கழக மாணவர்க்கு உரியது. காலம் தாழ்த்தின், அவ்விரவை நேரிற் கண்டோர் எவரும் எஞ்சார்.